பிரையர் பைப் பராமரிப்பு: உள்ளே ஒன்று, வெளியே வேறொன்று

என்னிடம் உள்ள புகையிலை பைப்புகள் பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட். இங்கிலாந்து, அயர்லாந்து, இத்தாலி என்று எங்கெங்கோ யார் யாரோ புகைத்தவை. இணையத்தில் வாங்கி, சென்னையில் வைத்துச் சுத்தம் செய்து, மெருகேற்றிப் பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். பராமரிப்பு பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் முக்கால்வாசி அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் எழுதியவை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் 95 சதவீதத் தானிய ஆல்கஹால் கடையிலேயே கிடைக்கும். காற்றும் நம் கடற்கரை ஊர்களைப்போலப் பிசுபிசுக்காது. அதனால் அவர்கள் சொல்வதில் பாதி இங்கே செல்லுபடியாகவில்லை. எது ஒத்துவந்தது, எது வரவில்லை என்பதை எழுதுகிறேன். சிகரெட்டைவிட பைப் பரவாயில்லை என்று நினைத்து யாரும் புதிதாகத் தொடங்கிவிட வேண்டாம், வாய்ப்புற்றுநோய் இதிலும் வரும். ஏற்கெனவே கையில் வைத்திருப்பவர்களுக்குத்தான் இது.

முதலில் மரம். கோர்சிகா, கலாப்ரியா, கிரீஸ், அல்ஜீரியா என மத்தியதரைக் கடலைச் சுற்றி வளரும் எரிகா ஆர்போரியா என்ற புதர்மரத்தின் வேர்முண்டுதான் பிரையர். முண்டைப் பல மணி நேரம் வேகவைத்து, சாறும் துவர்ப்பும் இறங்கிய பிறகு, மாதக்கணக்கில் உலர்த்தித்தான் பைப் கடைவார்கள். லேசில் கருகாது. புகையோடு வரும் ஈரத்தையும் கொஞ்சம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஈரத்தை உறிஞ்சும் மரம் நாம் ஊற்றுவதையும் தடவுவதையும் சேர்த்தேதான் உறிஞ்சும். ருசி கெடுவது அங்கேதான் ஆரம்பம்.

இத்தனை வருடத்தில் நான் பிடித்துக்கொண்ட விதி ஒன்றுதான்: ஆல்கஹால் உள்ளே, மெழுகு வெளியே. இரண்டும் இடம் மாறினால் தொல்லை. பல பைப்புகளின் வெளிப்புறத்தில் ஸ்பிரிட்டில் கரைத்த சாயமும், அதன்மேல் மெல்லிய அரக்குப் பூச்சும் இருக்கும். நம் தச்சர்கள் போடும் பிரெஞ்ச் பாலிஷும் இதே அரக்குதான். அதில் ஒரு சொட்டு ஆல்கஹால் வழிந்தாலும் அந்த இடம் மட்டும் மங்கிப்போய்த் திட்டு விழும். மாறாக, மெழுகோ எண்ணெயோ புகையிலை நிரப்பும் கிண்ணத்துக்குள் போய்விட்டால் அடுத்த சில தடவைக்குப் புகையிலையோடு சேர்ந்து அதுவும் எரியும்.

ருசி கெட்டுவிட்டது என்றதும் எல்லாரும் கிண்ணத்தைத்தான் சுரண்டுவார்கள். என் அனுபவத்தில் பழி கிண்ணத்தின்மேல் இல்லை. பைப்பின் கழுத்துக்குள் வாய்க்குழல் செருகும் துளை இருக்கிறதே, அதன் அடியில் தாரும் எச்சிலும் சேர்ந்து கறுப்பாக ஒரு சேறு உட்கார்ந்திருக்கும். புளிப்பும் கசப்புமாக வருவது அதனால்தான். பைப் கிளீனர், அதாவது பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி, நடுவில் இருக்கும் சின்னத் துவாரத்துக்குள் நேராகப் போய்விடும், ஓரத்துச் சேற்றைத் தொடாது. காது குடையும் பஞ்சுக்குச்சியை ஆல்கஹாலில் நனைத்துச் சுழற்றி எடுத்தால்தான் வரும். பீட்டர்சனின் சிஸ்டம் பைப் வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். டப்ளினில் சார்லஸ் பீட்டர்சன் 1890இல் காப்புரிமை வாங்கிய வடிவமைப்பு அது. ஈரம் வாய்க்கு வராமல் கழுத்துக்குள் ஒரு குழியில் தேங்கும்படி செய்திருக்கிறார். அருமையான ஏற்பாடுதான், ஆனால் தேங்கியதை யாராவது எடுக்க வேண்டுமே! அந்தக் குழியை ஒவ்வொரு தடவையும் பஞ்சால் துடைத்துவிட வேண்டும்.

சுத்தம் போதுமா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. மறுநாள் காலையில், காபிக்கு முன்னால், வெறும் பைப்பை வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுங்கள். மர வாசனையும் லேசான புகையிலை வாசனையும் வந்தால் சரி. சாம்பல் ஊறிய தண்ணீர் மாதிரி ஒரு வாடை வந்தால் துளையில் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

தினசரி வேலை ரொம்பக் குறைவு. புகைத்து முடித்ததும் கிளீனர் ஒன்றைக் குழல் வழியாக முழுக்க விட்டு எடுத்து, கிண்ணத்தின் உட்புறத்தை முறுக்கிய டிஷ்யூவால் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். சூடாக இருக்கும்போது வாய்க்குழலைக் கழற்றவே கூடாது. கழுத்து விரிசல் விடுவது பெரும்பாலும் அப்படித்தான். அப்புறம் ஓய்வு. ஒரு நாள் போதும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு நாளில் எதுவும் காயாது. இரண்டு மூன்று நாள் விட்டு, வாய்க்குழல் மேலே இருக்கும்படி காற்றோட்டமான இடத்தில் வைக்கிறேன். மூடிய டப்பாவிலோ தோல் பையிலோ ஈரத்தோடு வைத்தால் கிண்ணத்துக்குள் பூசணம் பூத்துவிடும்.

எந்த ஆல்கஹால் என்பதில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் குழம்புகிறார்கள். மரக்கடை, பெயின்ட் கடைகளில் விற்கும் ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். குடிக்க முடியாதபடி ஆக்குவதற்காகவே அதில் மெத்தனால் போன்றவற்றைக் கலக்கிறார்கள். நாம் வாயில் வைக்கும் பொருளுக்குள் அது போக வேண்டிய அவசியமே இல்லை. ஹேண்ட் சானிடைசரை முயன்று பார்த்தவர்கள் உண்டு. கை வறளாமல் இருக்க அதில் கிளிசரின் சேர்ப்பார்கள், கூடவே வாசனையும். ஆல்கஹால் பறந்துபோனாலும் கிளிசரின் குழலுக்குள் பிசினாக நின்றுவிடும். டாஸ்மாக் சரக்கு? இங்கே விற்கும் ரம், பிராந்தி, வோட்கா பெரும்பாலும் 42.8 சதவீதம். மீதியில் ஏறத்தாழ எல்லாமே தண்ணீர். தண்ணீர் தாரைச் சரியாகக் கரைக்காது, மரத்துக்குள் இறங்கி மெதுவாகத்தான் காயும். ரம்மில் நிறத்துக்காகச் சேர்த்த கேரமலும் தங்கிவிடும். ரம் ஊற்றினால் பைப்புக்கு ரம் மணம் வரும் என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. கிளீனரை நனைத்துத் துடைக்கும் அளவுக்கு வோட்கா பரவாயில்லை, ஊற வைப்பதற்கு ஆகாது.

நான் பயன்படுத்துவது மின்னணுப் பொருட்களைத் துடைக்க விற்கும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். வேகமாக ஆவியாகும், அடியில் எதுவும் தங்காது. இதையும் குடிக்கக் கூடாது, அதனால் வாசனை முழுக்கப் போகும்வரை பைப்பைத் தொடுவதில்லை. ஜன்னல் கதவைத் திறந்து வைத்து, அடுப்பும் லைட்டரும் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டிய வேலை.

பழைய பைப்பில் முந்தைய சொந்தக்காரரின் புகையிலை வாசனை ஊறியிருக்கும். ஆங்கிலத்தில் இதை கோஸ்ட் என்பார்கள், பேய்! விறகுப் புகையில் பதப்படுத்திய லடாக்கியாவும், பூ வாசனை ஏற்றிய சில ஆங்கிலேயப் புகையிலைகளும் சுலபத்தில் இறங்கவே இறங்காது. இதற்குப் பிரபலமான வைத்தியம், கிண்ணத்தில் உப்பை நிரப்பி ஆல்கஹாலை ஊற்றி இரவு முழுக்க வைப்பது. உப்பு வேலை செய்யும், மறுநாள் பழுப்பாகிக் கிடக்கும். ஆனாலும் நான் உப்பைத் தொடுவதில்லை. மரத்தின் நுண்துளைகளில் தங்கிவிட்ட உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுக்கும். சென்னையில் அந்த ஈரப்பதத்தைத் தாண்டாத விடியற்காலை அபூர்வம். உப்பு வைத்ததால் கிண்ணம் விரிசல் கண்டது என்று சொல்பவர்களும் உண்டு. உப்புக்குப் பதில் சாதாரணப் பஞ்சு போதும். கிண்ணத்தைப் பஞ்சால் நிரப்பி, கழுத்துத் துளையில் ஒரு கிளீனரைச் செருகி, சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக, விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரை ஆல்கஹால் விட்டால், காலையில் பஞ்சு டிகாக்ஷன் நிறத்தில் இருக்கும். பஞ்சு வெள்ளையாகவே வரும்வரை மறுபடி மறுபடி. அப்புறம் ஒரு வாரமாவது காயவிட வேண்டும். முதலில் மணம் ஏற்றாத பர்லி புகையிலையை இரண்டு மூன்று முறை புகைத்தால் மிச்சம் மீதியும் அடங்கும். எல்லாப் பேயும் போய்விடும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், என்னிடம் இன்னும் ஒரு பைப் வெர்ஜீனியா புகையிலையை நிரப்பினாலும் சோப்பு மணக்கிறது.

கிண்ணத்தின் உட்சுவரில் படியும் கரிப்படலத்தைக் கேக் என்பார்கள். மொத்தமாகச் சுரண்டி மரம் தெரியும்படி செய்துவிட்டால் புகை சூடாக வரும், மரமும் கருகும். விட்டுவிட்டால் கெட்டியாகி, சூட்டில் மரத்தைவிட வேறு அளவில் விரிந்து கிண்ணத்தையே பிளந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் கனம் போதும், மிஞ்சினால் ஒன்றரை. கேக்கைச் சுரண்டும் கருவியான ரீமர் இல்லாவிட்டால் உருண்டைக் குச்சியில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தால் சீராக வரும். பேனாக்கத்தி ஒரு பக்கத்தை மட்டும் குடைந்துவிடும். மரம் ஏற்கெனவே தெரிந்துவிட்டதென்றால் மோரில் கரித்தூளைக் குழைத்து உள்ளே பூசுகிற பழக்கம் மேல்நாட்டுப் பைப் செய்பவர்களிடமே இருக்கிறது. கரி என்றால் ஆக்டிவேட்டட் கார்பன். காய்ந்த பிறகு மோர் மணம் எதுவும் வருவதில்லை.

வாய்க்குழலுக்கு வருவோம். பழைய பைப்புகளில் அது எபோனைட், அதாவது ரப்பரோடு கந்தகம் சேர்த்து இறுக்கியது. வெயிலும் ஈரமும் பட்டால் மேற்பரப்பு பச்சையும் பழுப்புமாக மாறி, வாயில் வைத்ததும் கந்தகம் கசக்கும். புகையிலை சரியில்லை என்று நாம் நினைக்கும் சில நாட்களில் குற்றவாளி இந்தக் குழல்தான். ஆலிவ் எண்ணெய் தடவினால் கறுப்பாகத் தெரியும், கசப்பு அப்படியே இருக்கும், கூடவே எண்ணெய்ச் சிக்கும் சேரும். பற்பசையால் தேய்த்தால் புதினா. மெலமைன் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பதுதான் எனக்குப் பிடித்த முதல் கட்டம், பழுப்பு முழுக்க ஸ்பாஞ்சுக்கு வந்துவிடும். அடுத்து மைக்ரோமெஷ் என்ற மிக நுண்ணிய தேய்ப்புத் திண்டுகள், 1500ஆம் எண்ணில் தொடங்கி 12000 வரை வரிசையாக. பொறுமைதான் செலவு. குழல் மரத்தோடு சேரும் விளிம்பில் தேய்த்துத் தேய்த்து வட்டமாக்கிவிட்டால் இரண்டுக்கும் நடுவில் பள்ளம் தெரியும், அங்கே மட்டும் குழலை மரத்தில் செருகியபடியே தேய்க்க வேண்டும். அக்ரிலிக் குழலுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் பல்லுக்குக் கொஞ்சம் கடினம்.

மெருகு என்று வந்தால் கார்னாபா மெழுகுக்கு நிகர் இல்லை. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுப்பது. சுமார் 82 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும். தேன்மெழுகு 62, 64 டிகிரியிலேயே உருகிவிடும். புகைக்கும்போது கிண்ணம் சூடேறினால் தேன்மெழுகு பூசிய பைப் விரலில் ஒட்டி, பளபளப்பு போய்க் கைரேகை பதியும். கார்னாபா நிற்கும். சிக்கல் என்னவென்றால் அது கையால் தேய்த்துப் பூசுகிற பொருள் இல்லை, சுழலும் துணிச் சக்கரத்தின் உராய்வுச் சூட்டில்தான் மெல்லிய படலமாகப் பிடிக்கும். அமெரிக்கர்கள் நிமிடத்துக்கு 1,725 சுற்று மோட்டாரைச் சொல்வார்கள், அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதற்கு இணையானது 1,440 சுற்று மோட்டார். கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் பெஞ்ச் கிரைண்டர் பெரும்பாலும் 2,800 சுற்று ஓடும். அந்த வேகத்தில் சக்கரம் பைப்பைப் பிடுங்கித் தரையில் அடிக்கும். வேகம் குறைக்கக்கூடிய டிரில்லில் பருத்திச் சக்கரத்தை மாட்டி வைத்துக்கொண்டேன், சின்ன வேலைக்குத் தாராளம். மெழுகு கொஞ்சமாக, சக்கரத்தின் கீழ்ப்பாதியில் லேசாகத் தொட்டு, பைப்பைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கிண்ணத்தின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொள்கிறேன், மெழுகுத் தூசி உள்ளே போகாது. மணல் அடித்துச் சொரசொரப்பாக்கிய பைப்புகளில் கார்னாபா பள்ளங்களில் வெள்ளையாகத் தங்கிவிடும், அவற்றுக்கு மட்டும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகைத் துணியால் பூசித் துடைப்பேன்.

மேல் விளிம்பில் படியும் கறுப்புத் தாருக்கு நல்ல மருந்து, சொன்னால் முகம் சுளிப்பீர்கள், நம் எச்சில்தான். பருத்தித் துணியை எச்சிலில் நனைத்துப் பொறுமையாகத் தேய்த்தால் சாயத்துக்குச் சேதமில்லாமல் வந்துவிடும். உப்புத்தாள் போட்டால் கறுப்போடு வடிவமும் போய்விடும்.

பாலியூரித்தேன் வார்னிஷ் அடித்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடலாமே என்று ஒரு நண்பர் அடித்தே விட்டார். சூட்டில் கொப்புளம் கிளம்பி, அதை உரித்து எடுப்பதற்குள் பைப்பின் பழைய நிறமும் போய்விட்டது. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் தடவலாமா என்று கேட்பவர்களுக்கும் வேண்டாம் என்றே சொல்வேன். நிறம் ஆழமாகத் தெரியும், உண்மைதான். ஆனால் நுண்துளையில் ஊறிய எண்ணெய் நாள்பட்டுச் சிக்கு வாடை அடிக்கும், மூக்குக்கு இரண்டு அங்குலத்தில் இருக்கும் பொருளுக்கு அது தாங்காது.

இவ்வளவு வேலையும் பிரையருக்குத்தான். மிசௌரி மாநிலத்தின் வாஷிங்டன் ஊரில் 1869 முதல் செய்துவரும் மக்காச்சோளக் கட்டை பைப்புக்கு ஆல்கஹால் ஊறவைப்பதும் கூடாது, மெழுகும் வேண்டாம். துடைத்துக் காயவைத்து, ஆயுள் முடிந்ததும் தூக்கிப் போட வேண்டியதுதான். புதிதாக ஒரு புகையிலை வந்தால், அதிலும் பழ மணமோ பூ மணமோ ஏற்றியது என்றால், நான் முதலில் இந்தக் கட்டை பைப்பில்தான் புகைத்துப் பார்க்கிறேன். பிடித்திருந்தால் மட்டும் பிரையருக்குப் போகும். லடாக்கியாவுக்கு ஒரு பைப்பைத் தனியாக ஒதுக்கியாகிவிட்டது, அதை மற்றவற்றோடு ஒரே ஸ்டாண்டில் வைப்பதுகூட இல்லை.