பனியுகம் கோர்ஸ்: வாத்தியாருக்கு 5 ஸ்டார், சப்டைட்டிலுக்கு சைபர்

ஆஃபர்ல 1,800 ரூபாய்க்கு கெடச்சுதுன்னு வாங்கிப்போட்ட ஆறு வார ஆன்லைன் கோர்ஸ், பழங்கால கிளைமேட்ட ஐஸ் ஷீட், அதாவது கண்டத்தையே மூடுற பெரிய ஐஸ் படலம், எப்படி ஆட்டிவெச்சுதுன்னு. சைட் பேரு வேணாம், திட்டவும் போறேன்ல.

முதல்ல அந்த தமிழ் சப்டைட்டில ஆஃப் பண்ணுங்க. மெஷின் வேலை. ஐஸ் ஷீட்டுக்கு "பனித் தாள்"னு வருது. கடல்ல ஃபோராம்னு ஓடு உள்ள ஒத்த செல் உயிரி இருக்கு, அதுக்கு "படிவம்"னு போட்டு "படிவங்களின் ஓட்டை ஆராய்ந்தால்"னு வந்துச்சு, அப்ளிகேஷன் ஃபார்ம்ல என்னடா ஓட்டைன்னு முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

ஆனா ரெண்டாவது வாரம் இருக்கே, அதுக்கே குடுத்த காசு சரியாப்போச்சு. அண்டார்டிகா ஒரு காலத்துல காடு இருந்த எடம். 3 கோடியே 40 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி, சில லட்சம் வருஷத்துக்குள்ள ஐஸ் பிடிச்சுக்கிச்சு. தென்னமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் அத விட்டு விலகி கடல் நீரோட்டம் அத சுத்தி ஓட ஆரம்பிச்சதாலயா, இல்ல காத்துல கார்பன் டை ஆக்சைடு கொறஞ்சதாலயான்னு ரெண்டையும் வெச்சு வாத்தியாரு பேசுறாரு, கார்பன் பக்கம்தான் சாய்றாரு. அதுக்கப்புறம் ஐஸே தன்ன வளத்துக்குது, வெள்ளையா இருக்கறதால வெயில திருப்பி அனுப்பிடுது, மேல மேல ஏறி மலை மாதிரி ஆனதும் உச்சி இன்னும் குளிருது, கோடைல உருக வேண்டிய பனியும் உருகாம தங்கிடுது. குளிர் வந்ததால ஐஸ் வந்துச்சுன்னு மட்டும் நெனச்சுட்டு இருந்த எனக்கு இது புதுசு.

இதெல்லாம் எப்படி தெரியும்னா அந்த ஃபோராம் ஓடுதான். லேசான ஆக்சிஜன் 16 இருக்கற தண்ணி சுலபமா ஆவியாகி பனியா விழுந்து ஐஸ்ல மாட்டிக்கும், கடல்ல கனமான ஆக்சிஜன் 18 பங்கு ஏறும், அது ஓட்டுல பதிஞ்சிடும். தண்ணி குளுந்தாலும் ஓட்டுல 18 ஏறுமே, எது ஐஸ் எது குளிருன்னு எப்படி பிரிப்பீங்கன்னு எனக்கு தோணுச்சு, அடுத்த வீடியோவுலயே ஓட்டுல இருக்கற மெக்னீசியம் கால்சியம் விகிதம் தண்ணியோட சூட்ட காட்டும்னு, அத வெச்சு பிரிச்சு காட்டிட்டாரு மனுஷன்.

கடுப்பானது நாலாவது வாரத்துல. பனியுகம் முன்னாடி 41,000 வருஷத்துக்கு ஒருதடவ வந்து போயிட்டு இருந்துச்சு, சுமார் 10 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி அது கொஞ்சம் கொஞ்சமா 1,00,000 வருஷ கணக்குக்கு மாறிடுச்சு, பூமி சுத்துற விதத்துல ஒரு மாத்தமும் இல்ல. அப்புறம் ஏன்? வட அமெரிக்காவுல கீழ இருந்த மெத்து மண்ண ஐஸ் வழிச்சு தள்ளிட்டு பாறைல ஒக்காந்ததும், முன்ன மாதிரி வழுக்காம தடிமனா வளர முடிஞ்சுதுன்னு ஒரு கருத்து. இன்னும் சண்டை ஓடுற விஷயம், கோர்ஸ்லயே சூப்பர் மேட்டர், அதுக்கு நாலே நிமிஷம். பூமி சுத்துற விதத்துக்கும் பனியுகத்துக்கும் முடிச்சு போட்ட விஞ்ஞானி மிலன்கோவிச் எங்க பொறந்தாரு, என்ன படிச்சாருன்னு அரை மணி நேரம்.

அஞ்சாவது வாரம் பரவால்ல. 20,000 வருஷத்துக்கு முன்னாடி கனடா மேல 3 கிலோமீட்டர் அளவுக்கு ஐஸ், அதனால கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் கீழ. அவரு சைபீரியாவுலேர்ந்து அலாஸ்காவுக்கு நடந்துபோற பாதைய காட்டுனாரு, எனக்கு பாக் ஜலசந்திதான் ஞாபகம் வந்துச்சு, அங்க முக்காவாசி எடம் பத்து பதினஞ்சு மீட்டர் ஆழம்தானே, அப்போ ராமேஸ்வரத்துலேர்ந்து மன்னாருக்கு படகே வேணாம். அந்த கனடா ஐஸ் ஒடஞ்சு அட்லாண்டிக்ல உருகுனப்போ கடல் நீரோட்டம் தளந்து இந்தியாவுல பருவமழையும் சோந்துபோச்சுன்னு ஒரு வரி சொல்லிட்டு தாண்டிட்டாரு, சார் அங்க நிப்பாட்டுங்க சார்னு கத்தணும் போல இருந்துச்சு.

க்விஸ் சுத்த வேஸ்ட், எல்லாம் வருஷத்த மனப்பாடம் பண்ற கேள்வி. சர்டிபிகேட்டுக்கு தனியா காசு கேக்குறாங்க, நான் கட்டல. ஆறாவது வாரம் இன்னும் பாக்கல, ரெண்டாவது வாரத்தையே மறுபடி ஓட்டிட்டு இருக்கேன்.