மலைப் பள்ளி வகுப்பறைக்கு எந்த புரொஜெக்டர்?

கோத்தகிரிப் பக்கம் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். நான்கு வருஷம் சாதாரண புரொஜெக்டர், இப்போது இரண்டு வருஷமாக ஷார்ட் த்ரோ, அதாவது சுவருக்குக் கிட்டேயிருந்தே பெரிய படம் போடும் வகை. இரண்டிலும் கண்டதைச் சொல்கிறேன்.

80 அங்குலப் படம் விழ, சாதாரண புரொஜெக்டரைச் சுவரிலிருந்து இரண்டரை மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். எங்கள் வகுப்பறைக்கு ஓட்டுக் கூரை. மேலே மாட்டத் தோதில்லாமல் பெஞ்சு நடுவில்தான் வைப்பேன். இதயத்தின் படத்தைப் போட்டு இடது வெண்ட்ரிக்கிளைக் காட்டக் கையை நீட்டினால், என் தோள் நிழல் மொத்த இதயத்தையும் மூடிவிடும். பிள்ளைகள் பக்கம் திரும்பினால் வெளிச்சம் கண்ணில் குத்தும். யார் கை தூக்கியிருக்கிறார்கள் என்றே தெரியாது. பாடம் நடத்துகிறவருக்கு இதைவிடக் கஷ்டம் வேறில்லை.

ஷார்ட் த்ரோ அதே படத்தை ஒரு மீட்டருக்குள் தந்துவிடுகிறது. பலகைக்கு மேலே சுவரில் ஸ்டாண்ட் அடித்து மாட்டினோம். பலகையை ஒட்டிக் குனிந்தால் மட்டும் கொஞ்சம் நிழல் விழும். அல்ட்ரா ஷார்ட் த்ரோவுக்கு அரை மீட்டரே போதும், ஆனால் விலை இன்னும் கூடுதல்.

சிக்கல் சுவரில்தான். கிட்டேயிருந்து சாய்வாக விழும் வெளிச்சம் சின்ன மேடு பள்ளத்தைக்கூட விடாது. மழைக்கு ஓதம் ஏறி உப்பிய எங்கள் சுவரில், வரைபடத்தின் நேர்கோடு வளைந்து வளைந்து போனது. பளபளக்கும் வெள்ளைப் பலகையும் உதவாது, ஓரிடத்தில் மட்டும் கண் கூசும். கடைசியில் பிளைவுட்டில் பளபளப்பில்லாத (மேட்) வெள்ளை மைகா ஒட்டி மாட்டினோம். ஷார்ட் த்ரோ வாங்குகிறவர்கள் இந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

அப்புறம், மலைக்கே உரிய ஒன்று. 1,500 மீட்டருக்கு மேல் காற்று அடர்த்தி குறைவு, சூடு சரியாக வெளியேறாது. மெனுவில் உயரமான இடத்துக்கான செட்டிங்கைப் போடாமல் விட்டதில், முதல் வாரம் பாடத்தின் நடுவிலேயே அணைந்து அணைந்து போனது. கோத்தகிரி, குன்னூர், ஊட்டி எல்லாமே அந்த உயரத்துக்கு மேல்தான். அந்த செட்டிங்கைப் போட்டால் ஃபேன் இரையும். பெஞ்சு நடுவில் இருந்தபோது அந்த இரைச்சல் பிள்ளைகள் காதருகே. இப்போது என் தலைக்கு மேலே. அது எவ்வளவோ பரவாயில்லை.

உள்ளே வெளிச்சம் தருவது லேம்பா லேசரா என்றால், இங்கே லேசர்தான். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் பொசுக்கென்று போகும். சூடாக இருக்கும் லேம்ப், ஃபேன் ஓடாமல் அப்படியே நின்றால் ஆயுசு குறையும். லேம்ப் சில ஆயிரம் மணி நேரம்தான், லேசருக்கு 20,000 மணி நேரம் வரை சொல்கிறார்கள்.

பழையதைக் கழிக்கவில்லை. ஆண்டு விழா ஹாலில் தூரத்திலிருந்து பெரிய திரைக்குப் போட அதுதான் சரி.