அப்பாவுக்கு வாங்கிய அலுமினியக் கைத்தடி: ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு

அப்பாவுக்கு 71 வயது, 20 வருடமாகச் சர்க்கரை. காலையில் முகம் கழுவும்போது சோப்புக்குப் பயந்து கண்ணை மூடியதும் ஆள் அப்படியே வாஷ்பேசின் மேல் சாய்வதை அம்மாதான் முதலில் கவனித்தார். தலைசுற்றல் என்று நினைத்தோம். டாக்டர் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கால் பெருவிரலில் வைத்தார், அப்பாவுக்கு அதிர்வே தெரியவில்லை. நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டபோதும் பல இடங்களில் "தொட்டீங்களா?" என்று கேட்டார். தரை எப்படி இருக்கிறது என்று கால் சொல்லாததால் அந்த வேலையையும் கண்ணே பார்த்து வந்திருக்கிறது. கண்ணை மூடினால் அதுவும் போச்சு.

முதலில் வாங்கியது அடியில் நான்கு கால் உள்ள தடி, 1,100 ரூபாய். பக்கவாதம் வந்து எடை தாங்க ஆதரவு தேவைப்படுகிறவர்களுக்கு அது நல்ல பொருள்தான், தானாகவே நிற்கும். அப்பாவுக்கு ஒத்துவரவில்லை. எங்கள் தெருவில் நான்கு காலும் ஒன்றாகப் பதிகிற மாதிரி ஒரு சதுர அடி கூடக் கிடையாது, ஒவ்வொரு அடிக்கும் தூக்கி வைத்து, ஆடுகிறதா என்று பார்த்து, அப்புறம் காலை எடுத்து வைத்து, கை வீச்சே இல்லாமல் நடந்தார்.

அடுத்து வாங்கியதுதான் இது. ஒற்றைக் கால், அலுமினியம், பட்டனை அழுத்தி உயரம் மாற்றலாம், 650 ரூபாய், பிராண்டுப் பெயர் எதுவும் இல்லை. பிசியோதெரபி மேடம் உயரத்தை மணிக்கட்டு அளவுக்கு வைத்துக் கொடுத்துவிட்டு, "இது மேல சாயாதீங்கப்பா, தரையைத் தொட்டுக்கிட்டே போங்க, அது போதும்" என்றார். சாயாமல் எதற்குத் தடி என்று எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கியதும் நான் தேடிப் படித்ததும் சேர்ந்துதான் இதை எழுத வைத்தன.

சர்க்கரை முதலில் கெடுப்பது உடம்பிலேயே நீளமான நரம்புகளை, அதாவது பாதத்துக்குப் போகிறவற்றை. கை விரல்கள் பெரும்பாலும் அப்புறம்தான். அதனால் காலுக்குத் தெரியாத தரையைத் தடி வழியாகக் கை தெரிந்துகொள்ள முடியும். 1994இல் ஜேகா, லாக்னர் என்ற இருவர், ஒரு காலுக்கு முன்னால் மறு காலை வைத்து நிற்கிறவர்களிடம் விரல் நுனியால் ஒரு கம்பியைத் தொடச் சொல்லிப் பார்த்தார்கள். 100 கிராம் எடைக்கும் குறைவான அழுத்தம்தான். உடம்பைத் தாங்க அது எதற்கும் காணாது, ஆனாலும் ஆட்டம் நன்றாகக் குறைந்தது. எங்கே சாய்கிறோம் என்ற சேதி விரல் வழியாகக் கிடைத்ததே காரணம்.

நடக்கும்போது இன்னும் நிறைய நடக்கிறது. காற்றில் முன்னே போகும் காலின் மேல்புறம் நிலைப்படியில் தட்டினால், நமக்குத் தெரிவதற்கு முன்பே முட்டி மடங்கிக் கால் அதைத் தாண்டிவிடும். அதே தொடுதல் ஊன்றிய காலில் பட்டால் கால் அப்படி மடங்காது, மடங்கினால் விழுந்துவிடுவோமே. எந்தக் கட்டத்தில் எதைச் செய்வது என்பதைத் தண்டுவடமே பெருமளவு பார்த்துக்கொள்கிறது. காலில் பட்டதற்குக் கைத் தசைகளும் பதில் தருகின்றன, ஏனென்றால் கையையும் காலையும் ஆட்டும் நரம்பு வலைகள் தண்டுவடத்துக்குள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. வலது கால் முன்னே போகும்போது இடது கை கூடவே போவதிலும் இதற்குப் பங்கு உண்டு. இந்தத் தடி அந்த வீச்சைக் கெடுக்காது. அப்பாவுக்கு வலது கால் மோசம் என்பதால் இடது கையில் பிடிக்கிறார், இரண்டும் ஒன்றாக முன்னே போகின்றன. மூன்றாவது வாரத்தில் அவர் பின்னால் நடந்தபோது வலது கையும் வீசுவதைப் பார்த்தேன், அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

குறைகளும் உண்டு. கைப்பிடியில் தடிமனான ஃபோம் சுற்றி வந்தது, தரையின் சொரசொரப்பு கைக்கு வரவே இல்லை என்றார் அப்பா. அதை உரித்துவிட்டு மெல்லிய டேப் சுற்றினோம், இப்போது டைல்ஸ் எது, சிமெண்ட் எது என்று பார்க்காமலே சொல்கிறார். உயரம் மாற்றும் இடத்தில் லொடலொட என்று சத்தம், திருகு வளையத்தை இறுக்கினால் நிற்கும். அடி ரப்பர் நாலே மாதத்தில் ஒரு பக்கம் தேய்ந்து ஈரத் தரையில் வழுக்கியது, நல்லவேளை நான் பக்கத்தில் இருந்தேன். புது ரப்பர் 40 ரூபாய்.

கையும் மரத்துப்போனவர்களுக்கும், முழு எடையையும் தாங்க ஆதரவு வேண்டியவர்களுக்கும் இதை வாங்காதீர்கள். அப்பா மாதிரி கால் மட்டும் மரத்தவர்களுக்குத் தயங்காமல் வாங்கலாம், ஆனால் ஒரு பிசியோவிடம் காட்டிப் பழகிய பிறகு. முகம் கழுவும்போது மட்டும் தடியை ஓரமாக வைத்துவிட்டு ஒரு விரலைச் சுவரில் வைத்துக்கொள்கிறார், ஆட்டம் இல்லை.