காய்ச்சல் ஊசி: 5 டோஸ், 9,000 ரூபாய், ஒரு மழைக்காலம்

மதுரை அருகே சாமநத்தம் கண்மாய்க்குப் பக்கத்தில் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். பெரிய பண்ணை என்று சொல்ல முடியாது. 80 பெட்டை, 10 சேவல், 6 வாத்து, அப்புறம் இரண்டு கறவை மாடு. முட்டையும் கோழியும் அவனியாபுரம், வில்லாபுரம் பக்கம் வாடிக்கை வீடுகளுக்குப் போகும். 2025 செப்டம்பரில் எங்கள் வீட்டில் 4 பேரும் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி போட்டுக்கொண்டோம். நான், வீட்டுக்காரர், 73 வயது அத்தை, 6 வயதுப் பேரன். ஒரு மழைக்காலம் முழுசாகப் போன பிறகு எழுதினால்தான் சரியாக இருக்கும் என்று இவ்வளவு நாள் பொறுத்திருந்தேன்.

முதலில், ஏன் போட்டோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பரில் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்து, நிமோனியா என்று 5 நாள் படுக்கையில் போட்டார்கள். அதே வாரம் என் பட்டியில் 31 கோழி செத்தது. கழுத்தைத் திருகிக்கொண்டு, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, விடிந்தால் நாலு, விடிந்தால் ஐந்து. பறவைக்காய்ச்சல்தான், கோழியிலிருந்து இவருக்கு ஒட்டிவிட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து, என் கையாலேயே இவருக்குக் கொடுத்துவிட்டேனே என்று அழுதது இன்னும் நினைவிருக்கிறது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் உறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு வந்து மாதிரி எடுத்துப் போனார். செத்த கோழியை நாமாக அறுத்துப் பார்க்கக் கூடாது, மொத்தமாகச் செத்தால் உடனே தகவல் சொல்ல வேண்டும் என்று கண்டித்துச் சொன்னார். முடிவு வந்தது: வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட். அது வேறு குடும்பத்து வைரஸ். அந்த ஈட்டுக் குஞ்சுகளுக்கு நான் அதற்கான தடுப்பு மருந்தை, லசோட்டா சொட்டு மருந்தை, போடத் தவறியிருந்தேன். வீட்டுக்காரரின் தொண்டைச் சளிப் பரிசோதனையில் இன்ஃப்ளூயன்சா ஏ, எச்3என்2 என்று வந்தது. அது மனிதர்களிடையே ஆண்டுதோறும் சுற்றுகிற காய்ச்சல். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

மனசு ஆறியது. ஆனால் டாக்டர் போகும்போது சொன்னதுதான் என்னை ஊசி வரைக்கும் கொண்டுபோனது. "அம்மா, கோழிக்கு மருந்து போடுறீங்க. கோழியைத் தொடுறவங்களுக்கும் வருசா வருசம் காய்ச்சல் ஊசி போடணும். மனுசக் காய்ச்சலும் பறவைக் காய்ச்சலும் ஒரே உடம்புல சந்திச்சுக்கக் கூடாது."

இதை நான் எனக்குத் தெரிந்த வகையில் சொல்கிறேன். இன்ஃப்ளூயன்சா ஏ வைரஸின் மரபுப்பொருள் ஒரே நீளக் கயிறாக இல்லை, 8 துண்டாக இருக்கிறது. விசேஷ வீட்டில் நாலு வீட்டுப் பாத்திரத்தை ஒன்றாகப் போட்டுக் கழுவினால், திரும்பும்போது நம் குண்டான் அடுத்த வீட்டுக்கும் அவர்கள் தாம்பாளம் நம் வீட்டுக்கும் போய்விடும். அது போல இரண்டு வைரஸ் ஒரே செல்லுக்குள் பெருகினால் வெளியே வருகிற குட்டிகளில் துண்டுகள் மாறிப்போகும். பாத்திரத்திலாவது பேர் வெட்டியிருப்போம். 1957இல் உலகத்தைச் சுற்றிய காய்ச்சல், மனித வைரஸ் பறவை வைரஸிடமிருந்து 3 துண்டை வாங்கிக்கொண்டதால் வந்தது. 1968இல் 2 துண்டு. 2009இல் பன்றிக்காய்ச்சல் என்று நாம் பயந்தோமே, அதில் பன்றி, பறவை, மனிதன் மூன்றின் துண்டுகளும் இருந்தன.

எங்கள் கண்மாய்க்கு மழைக்காலம் முடிந்தால் எங்கெங்கிருந்தோ பறவைகள் வரும். காட்டு நீர்ப்பறவைகள்தான் இன்ஃப்ளூயன்சா ஏ வைரஸுக்குத் தாய்வீடு. என் வாத்துகளும் அதே தண்ணீரில்தான் இறங்கும். டாக்டர் சொன்னது எனக்கு உறைத்ததற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

சரி, ஊசிக்கு வருகிறேன். முதலில் போன மெடிக்கல் கடையில் மருந்து இருந்தது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, "கொண்டுபோய் யாரிடமாவது போட்டுக்கோங்க" என்று நீட்டினார்கள். மதியம் 1 மணி, வெளியே வெயில் கொளுத்துகிறது. ஐஸ் கேட்டேன், இல்லை என்றார்கள். இந்த ஊசி மருந்து 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. கோழிக்குப் போடுகிற லசோட்டாவையே நான் ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில்தான் கொண்டுவருவேன். மனிதருக்குப் போடுவதை இப்படி வாங்க மனசு வரவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். நீங்களும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வெயிலில் கெட்டுப்போன மருந்து பார்வைக்கு நல்ல மருந்து போலவே இருக்கும்.

பிறகு வில்லாபுரம் பக்கம் ஒரு குழந்தைகள் கிளினிக்குக்குப் போனோம். பெயர் போட வேண்டாம் என்று டாக்டரம்மா கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அங்கே ஃப்ரிட்ஜ் கதவில் வெப்பமானி தொங்குகிறது, பக்கத்தில் ஒரு நோட்டு, காலை மாலை இரண்டு வேளையும் டிகிரி எழுதிக் கையெழுத்து. நான் பார்த்தபோது 4 டிகிரி. நர்ஸ் பெட்டியை என் கண் முன்னால் பிரித்து, காலாவதித் தேதியை என்னையே வாசிக்கச் சொன்னார். மருந்து ஏற்கெனவே அடைத்துவைத்த சிரிஞ்சில் இருக்கிறது, அரை மில்லி. "அக்கா, கையைத் தொங்கப் போடுங்க, முறுக்காதீங்க" என்றார். எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. அத்தைக்குப் போடும்போது நர்ஸ் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்துகொண்டார், அத்தை நிமிர வேண்டியதில்லை என்பதற்காக. போட்ட பிறகு 20 நிமிடம் உட்காரவைத்து அனுப்பினார்கள். பேரனுக்கு முதல் தடவை என்பதால் 4 வாரம் விட்டு இரண்டாவது டோஸ் வேண்டும். 9 வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு அப்படித்தான். சரியாக 27ஆம் நாள் அவர்களே போன் செய்து, நாளைக்கு அழைத்து வரச் சொன்னார்கள். இந்த அக்கறைக்காகவே திரும்பவும் அங்கேதான் போவேன்.

காத்திருந்த நேரத்தில் டாக்டரம்மாவிடம் இந்த மருந்தை எதில் செய்கிறார்கள் என்று கேட்டேன். கோழி முட்டையில் என்றார். நான் அசந்துபோனேன். பெரும்பாலான இன்ஃப்ளூயன்சா ஊசி இன்றும் முட்டையில்தான் தயாராகிறது, 70 ஆண்டுக்கும் மேலாக அதே முறை. என் கோழி 21 நாளில் பொரிக்கும். பாதி வழியில், 10ஆம் நாள் வாக்கில், இருட்டறையில் முட்டைக்குப் பின்னால் டார்ச் பிடித்துப் பார்ப்போம். கரு கூடியிருந்தால் உள்ளே சிவப்பு நரம்புகள் சிலந்திக் கால் மாதிரி பரவியிருக்கும், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி துடிக்கும். கூமுட்டை என்றால் வெறும் மஞ்சள் வெளிச்சம்தான். மருந்து செய்கிறவர்களும் 9 முதல் 11 நாள் ஆன கரு முட்டையைத்தான் எடுக்கிறார்கள். ஓட்டில் சின்ன ஓட்டை போட்டு வைரஸை விட்டு, இரண்டு மூன்று நாள் சூட்டில் வைத்து, அப்புறம் குளிரவைத்து, கருவைச் சுற்றியிருக்கிற நீரை உறிஞ்சி எடுக்கிறார்கள். அதிலிருக்கும் வைரஸைக் கொன்று, உடைத்து, சுத்தம் செய்ததுதான் ஊசியில் வருவது. செத்த துண்டு என்பதால் ஊசியால் காய்ச்சல் நோய் வராது. இதில் ஒரு குறையும் உண்டு. முட்டையில் வளரும்போது சில வைரஸ், முக்கியமாக எச்3என்2, பறவைச் செல்லுக்கு ஏற்றபடி கொஞ்சம் உருமாறிவிடும். மனிதரிடம் சுற்றுவதற்கும் ஊசியில் இருப்பதற்கும் இடைவெளி விழுந்துவிடும்.

பெட்டிக்குள் இருந்த தாளில் விக்டோரியா, குரோயேஷியா, ஆஸ்திரியா, ஃபுக்கெட் என்று நாலு பெயர். ஜல்லிக்கட்டுக் காளையை ஊர் பேர் சொல்லி அவிழ்க்கிற மாதிரி, வைரஸுக்கும் கண்டெடுத்த ஊரின் பேர். இதில் நாலாவது, ஃபுக்கெட், இன்ஃப்ளூயன்சா பி வகையில் யமகட்டா என்ற வம்சத்தைச் சேர்ந்தது. 2020 மார்ச்சுக்குப் பிறகு அந்த வம்சம் உலகில் எங்குமே உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. கொரோனா காலத்து முகக்கவசத்திலும் ஊரடங்கிலும் அற்றுப்போயிருக்க வேண்டும். அதனால் மூன்று வகை போதும் என்று 2023 செப்டம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. கடையில் "நாலு வகை, இதுதான் உசத்தி" என்று கூடுதல் விலை சொன்னால் ஏமாற வேண்டாம். மூன்று வகை கிடைத்தால் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஊசிக்குப் பிறகு எனக்குக் கை இரண்டு நாள் வலித்தது. பால் கறக்கும்போது தெரிந்தது. வீட்டுக்காரருக்கு ஒரு ராத்திரி லேசாக உடம்பு சுட்டது. அத்தைக்கும் பேரனுக்கும் ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் இந்தக் காய்ச்சல் வடகிழக்குப் பருவமழையோடு ஏறும். ஊசி உடம்பில் பிடிக்க இரண்டு வாரம் ஆகும் என்பதால் செப்டம்பரில் போட்டது தோதாக இருந்தது. மழைக்காலத்தில் எனக்கு மட்டும் 3 நாள் இருமல் வந்தது. வீட்டுக்காரர் தலை சாயவில்லை. இதை வைத்து ஊசியின் பலத்தை அளக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஊசியும் ஊரில் சுற்றுகிற வைரஸும் நன்றாகப் பொருந்துகிற ஆண்டில், டாக்டரிடம் போகிற அளவுக்கு நோய் வருவதை 40 முதல் 60 சதவீதம் குறைக்கும், அவ்வளவுதான். 2025 கடைசியில் எச்3என்2வில் கே என்று ஒரு புதுக் கிளை கிளம்பிப் பல நாடுகளில் பரவியது. ஊசியில் இருந்ததோடு அது அவ்வளவாகப் பொருந்தவில்லை. அப்படியும் பிரிட்டனில் எடுத்த முதல் கணக்கில், ஆஸ்பத்திரிக்குப் போகும் நிலையைப் பிள்ளைகளிடம் 70 முதல் 75 சதவீதமும் பெரியவர்களிடம் 30 முதல் 40 சதவீதமும் தடுத்திருக்கிறது. 5 நாள் படுக்கைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ராத்திரி கழித்தவளுக்கு 30 சதவீதமும் சின்னதாகத் தெரியாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த ஊசி பறவைக்காய்ச்சலைத் தடுக்காது. போட்டுவிட்டோம் என்று செத்த கோழியை வெறும் கையால் தூக்காதீர்கள். எச்5என்1 என்கிற பறவைக்காய்ச்சல் மனிதருக்கு வருவது அபூர்வம்தான். ஆனால் 2003இலிருந்து உலகில் பதிவான 900க்கும் மேற்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பிழைக்கவில்லை. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் கறவை மாட்டுக்கே அது வந்துவிட்டது தெரிந்தது. மாட்டின் மடியில் வைரஸ் பற்றிக்கொள்ளப் பறவைக்கு இருக்கிற மாதிரியே கொக்கி இருக்கிறதாம், பாலில் வைரஸ் குவிந்து கிடந்தது. அந்தப் பச்சைப்பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் செத்துப்போயின. இதை வாசித்த அன்றே எங்கள் பூனைக்குக் கறந்த சூட்டில் ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். காய்ச்சி ஆறவைத்துத்தான் இப்போது தட்டில் விழுகிறது. பூனை இனத்துக்கு இது பொல்லாதது. நாக்பூர் மீட்பு மையத்தில் 2024 டிசம்பரில் 3 புலியும் ஒரு சிறுத்தையும் எச்5என்1 வந்து இறந்தன. அதே டிசம்பரில் வந்த ஓர் ஆய்வு, மாட்டில் பரவிய அந்த வைரஸின் மேற்புரதத்தில் ஒரே ஓர் இடம் மாறினால் போதும், பறவைக் கொக்கியை விட்டு மனிதக் கொக்கியைப் பிடித்துக்கொள்ளும் என்று காட்டியது. உயிருள்ள வைரஸைத் தொடாமல் புரதத்தை மட்டும் வைத்துச் செய்த சோதனை அது. மனிதரிடையே பரவ இன்னும் வேறு மாற்றங்களும் வேண்டும். இருந்தாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அத்தைக்கு மட்டும் இதில் ஒரு ஆறுதல். நாம் சின்ன வயதில் முதன்முதலில் எந்தக் காய்ச்சலைச் சந்தித்தோமோ, அதன் வகையறாவை உடம்பு கடைசிவரை மறப்பதில்லை என்று 2016இல் ஓர் ஆய்வு வந்தது. எச்1, எச்2 என்பதெல்லாம் வைரஸின் மேற்புரத வகைக்கு வைத்த எண். 1968க்கு முன் பிறந்தவர்கள் எச்1, எச்2 பார்த்தவர்கள். எச்5ம் அதே வகையறா என்பதால் அவர்களுக்கு எச்5என்1 கடுமையாவது குறைவு. அத்தை பிறந்தது 1952. நான் 1974, எச்3 மட்டுமே சுற்றிய காலம். அது எச்5ஓடு சேராத, எச்7 வகையறா. "அப்ப இனிமே வாத்துக் கொட்டாயை நானே கூட்டுறேன், நீ தள்ளி நில்லு" என்று அத்தை விளக்குமாற்றைப் பிடுங்கிக்கொண்டார். விடவில்லை. 73 வயதில் சாதாரணக் காய்ச்சலே நெஞ்சுக்குள் இறங்கிவிடும்.

குறை என்றால் விலைதான். ஒரு டோஸ் 1,800 ரூபாய். 15 ரூபாய்க்குப் போகிற நாட்டு முட்டை 120 விற்க வேண்டும். 5 டோஸுக்கு 9,000. அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லை. கோழிக்குக் கழிச்சல் ஊசி முகாம் வைத்து இலவசமாகப் போடுகிறார்கள். கோழி, மாடு, பன்றி வைத்துப் பிழைக்கிறவர்களுக்கும் அதே முகாமில் இந்த ஊசியைப் போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். கேட்க வேண்டிய இடத்தில் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஊசியில் எந்தெந்த வைரஸ் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2026க்காகத் தென்பாதி உலகத்துக்குச் சொன்ன பட்டியலில் எச்1, எச்3 இரண்டுமே மாறிவிட்டன, அதனால் போன வருச ஊசியை நம்பி உட்கார முடியாது. கிளினிக்கில் அடுத்த செப்டம்பருக்குப் பெயர் கொடுத்தாயிற்று. கண்மாயில் மீன் குத்தகைக்கு எடுத்திருக்கிற மதனி வீட்டிலிருந்து இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். மொத்தம் 6.