பூட்டிய மலைவீட்டுக்கு 4ஜி சிம் கேமரா: வாங்கலாமா?

வீடு கோத்தகிரியில், குடும்பம் கோவையில். ஃபைபர் இணைப்பு வராத ஹட்டிகளிலும் (படுகர் ஊர்களிலும்) எஸ்டேட் சாலைகளிலும் இப்படிப் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குக் கடைக்காரர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது சிம் போட்டு ஓடும் 4ஜி கேமராவைத்தான். இதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று 12 வோல்ட் அடாப்டரில், வீட்டுக் கரண்டில் ஓடுவது. மற்றது பேட்டரியும் சோலார் தகடும் வைத்தது. முதல் ரகத்தை, கீழே சொல்வதையெல்லாம் சரிபார்த்தால், வாங்கலாம். இரண்டாவது ரகம், வாசல் கேட்டுக்கு மட்டும் போதும். வீட்டையே அதை நம்பி விட வேண்டாம்.

பெட்டியில் 4 மெகாபிக்சல், 6 மெகாபிக்சல் என்று போட்டிருப்பதற்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். வெளியூரிலிருந்து பார்க்கும்போது படம் எப்படி வரும் என்பதை அந்த இடத்தின் அப்லோடு வேகம்தான் முடிவு செய்கிறது. கடையில் கேட்க வேண்டிய கேள்வி, உள்ளே இருந்து டவரோடு பேசும் மாட்யூல் எந்தெந்த பேண்டில் (அலைவரிசைப் பட்டையில்) வேலை செய்யும் என்பது. ஜியோ 3, 5, 40 ஆகிய பேண்டுகளில் 4ஜி தருகிறது. மலை மடிப்பைத் தாண்டி வீட்டுக்குள் வந்து சேருவது பெரும்பாலும் குறைந்த அலைவரிசையான பேண்ட் 5. பிஎஸ்என்எல் 4ஜி 700 மெகாஹெர்ட்ஸில், அதாவது பேண்ட் 28-இலும் வருகிறது. சீனச் சந்தைக்காகச் செய்த பல மாட்யூல்களில் இந்த 28 கிடையாது. போனில் முழு சிக்னல் காட்டும் பிஎஸ்என்எல் சிம், கேமராவில் போட்டால் செத்துக் கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வாங்கும் முன்பே ஒரு சோதனை செய்துவிடலாம். கேமராவை மாட்டப் போகும் அதே சுவர் மூலையில், அதே சிம்மைப் போனில் போட்டு, சிக்னல் அளவு காட்டும் ஏதாவதொரு செயலியில் ஆர்எஸ்ஆர்பி (RSRP) என்ற எண்ணைப் பாருங்கள். டவர் சிக்னல் எவ்வளவு வலுவாக வந்து சேருகிறது என்பதை அது சொல்லும்; மைனஸ் எண் என்பதால் பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 95 அல்லது அதைவிட நல்ல அளவு என்றால் கவலையில்லை. மைனஸ் 105 வரை சமாளிக்கலாம். மைனஸ் 110-ஐவிட மோசமானால் வெளி ஆன்டெனா திருகும் வசதியுள்ள மாடலை எடுங்கள்; இல்லையென்றால் டவர் இருக்கும் திசையைப் பார்த்த சுவருக்கு இடத்தை மாற்றுங்கள். ஸ்பீடு டெஸ்டில் டவுன்லோடு எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதில் பயனில்லை. அப்லோடு 1 எம்பிபிஎஸ்ஸுக்கு (Mbps) குறையாமல், காலையிலும் இரவு எட்டு மணிக்கும் நிற்கிறதா என்று பாருங்கள். சீசன் மாதங்களில் குன்னூரிலும் உதகையிலும் டவரில் நெரிசல் கூடிவிடும் என்பதால் சனிக்கிழமை மாலையில் ஒருமுறை பார்ப்பது இன்னும் நல்லது.

டேட்டா கணக்கை யாரும் சொல்லித் தருவதில்லை. 1 எம்பிபிஎஸ்ஸில் படம் ஓடினால் மணிக்கு 450 எம்பி போகும். தினம் 1.5 ஜிபி பிளானில் மூன்றேகால் மணி நேரம்தான் தாங்கும். அதற்குப் பிறகு வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கோ அதற்கும் கீழோ இறங்கிவிடும். காலையில் நன்றாகத் தெரிந்த படம் சாயங்காலம் சுற்றிக்கொண்டே நின்று, நள்ளிரவுக்குப் பிறகு தானாகச் சரியானால் கேமராவைக் கழற்ற வேண்டாம், அன்றைய டேட்டா தீர்ந்திருக்கிறது. கேமராவின் செயலியில் எச்டியை விட்டு, தரம் குறைந்த எஸ்டிக்கு மாற்றினால் 350 கேபிபிஎஸ் அளவில் ஓடும். மணிக்கு 160 எம்பிதான். மகன் பெங்களூரிலும் அப்பா கோவையிலும் ஒரே நேரத்தில் பார்த்தால், பெரும்பாலான மாடல்களில் இரண்டு ஓட்டமும் தனித்தனியாக அந்த ஒரே சிம்மிலிருந்துதான் போகும். டேட்டாவும் இரட்டிப்பாகக் கரையும். பழைய பதிவைத் தொலைவிலிருந்து ஓட்டிப் பார்ப்பதும் டேட்டாதான். எனவே பதிவு முழுவதும் மெமரி கார்டில் இருக்கட்டும். விடாமல் 1 எம்பிபிஎஸ்ஸில் பதிவு செய்தால் 128 ஜிபி கார்டில் சுமார் பதினோரு நாள் நிற்கும்.

படம் வரவில்லை என்றால் செயலி என்ன சொல்கிறது என்று முதலில் கவனியுங்கள். ‘ஆஃப்லைன்’ வேறு, ‘லோடிங்’ வேறு. லோடிங் என்றால் கேமரா உயிரோடுதான் இருக்கிறது, அப்லோடுதான் திணறுகிறது. எஸ்டிக்கு மாற்றுங்கள், இன்னொருவர் பார்த்துக்கொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். ஆஃப்லைன் என்றால் கரண்ட், ரீசார்ஜ், சிம் என்ற வரிசையில் போக வேண்டும். சிம்மில் பின் (PIN) எண் பூட்டு இருந்தால் கரண்ட் போய் வந்ததும் கேமரா அங்கேயே மாட்டிக்கொள்ளும்; போனில் போட்டுப் பூட்டை எடுத்த பிறகே கேமராவில் போடுங்கள். சிம் இணையத்தில் சேர வேண்டிய வாசலின் பெயரான ஏபிஎன் (APN) தானாக வராவிட்டால் ஜியோவுக்கு ஜியோநெட் (jionet), ஏர்டெலுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ்.காம் (airtelgprs.com), பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட் (bsnlnet) என்று கையால் கொடுக்கலாம். எழுத்தெல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து, நடுவில் இடைவெளி கூடாது.

வெளியூரிலிருந்து நேராகக் கேமராவுக்குள் வர ரவுட்டரில் போர்ட் என்ற வழியைத் திறந்துவிடச் சொல்லும் பழைய யோசனை இங்கே செல்லாது. மொபைல் நெட்வொர்க்கில் பலருக்கும் பொதுவாக ஒரே ஐபி முகவரிதான் கிடைக்கிறது. வெளியிலிருந்து நேராக உங்கள் கேமராவின் கதவைத் தட்ட முடியாது. அதனால்தான் கேமராவே நிறுவனத்தின் சர்வரைத் தொடர்புகொண்டு காத்திருக்கிறது, நாமும் அதன் வழியாகப் போய்ச் சேருகிறோம். படம் இரண்டு மூன்று வினாடி பிந்தி வருவது இதன் விலை, கோளாறு இல்லை. ஒரு வகையில் நல்லதும்கூட. 2016-இல் மிராய் என்ற தீநிரல் (வைரஸ் போன்ற கெட்ட மென்பொருள்), பாஸ்வேர்டு மாற்றாமல் இணையத்துக்குத் திறந்து வைத்த கேமராக்களையும், அவற்றின் பதிவுப் பெட்டிகளான டிவிஆர்களையும்தான் வளைத்துப் பிடித்தது.

பகலெல்லாம் ஓடி, இருட்டியதும் அணைந்து அணைந்து எரிகிறதா? வயரைப் பாருங்கள். இரவில் ஐஆர் விளக்கு (இருட்டில் படம் பிடிக்க உதவும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி) எரியத் தொடங்கியதும் கேமரா இழுக்கும் கரண்ட் கூடுகிறது. அடாப்டரை வீட்டுக்குள் வைத்து, 0.5 சதுர மில்லிமீட்டர் மெல்லிய வயரில் 30 மீட்டர் இழுத்திருந்தால், 1 ஆம்பியருக்கே 2 வோல்டுக்கு மேல் வழியில் போய்விடும். 12 வோல்ட் 10-க்கும் கீழே இறங்கி கேமரா ரீஸ்டார்ட் ஆகும். 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு முக்கால் வோல்ட்தான். அடாப்டரைக் கேமராவுக்குப் பக்கத்திலேயே, நனையாத டப்பாவில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றைச் சேர்த்தே வாங்கிவிடுங்கள். மரம் விழுந்து லைன் போகும் மழைநாளில்தான் வீட்டை அதிகம் பார்க்கத் தோன்றும்.

மூடுபனி தனிக் கதை. இரவில் ஐஆர் ஒளி பனித்துளிகளில் பட்டுத் திரும்பி, படம் வெள்ளைத் துணி போர்த்தியது போல ஆகிவிடும். எந்த விலைக் கேமராவும் இதற்கு விலக்கில்லை. ஐஆரை அணைத்துவிட்டு, கேமராவிலிருந்து நான்கைந்து அடி தள்ளி ஒரு எல்இடி விளக்கைப் போடுங்கள். பிக்சல் மாற்றத்தை வைத்து அலர்ட் தரும் மாடல் பனி நகர்ந்தாலே மணியடிக்கும். ‘மனிதர் மட்டும்’ என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். காட்டெருமை வந்துபோவதையும் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அந்தத் தேர்வை அணைத்துத்தான் வைக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

சோலார் ரகம் மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தூங்கிக்கொண்டே இருக்கும். செயலியைத் திறந்தால் எழுந்து படம் காட்டப் பல வினாடிகள் ஆகும். அதற்குள் ஆள் கேட்டைத் தாண்டிவிடுவார். நேரலையாகப் பார்க்கப் பார்க்க பேட்டரி வேகமாக இறங்கும். குந்தா, கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் தொடர்ந்து வெயிலே படாத நாட்கள் வரும். அந்த மாதங்களில் யாராவது போய்க் கழற்றிச் சார்ஜ் போட வேண்டியிருக்கும். பூட்டிய வீட்டுக்கு அது எப்படிச் சரிப்படும்? தகட்டைத் தெற்கு பார்த்து 15 டிகிரி சாய்வில் வைப்பதும், மர நிழலைத் தவிர்ப்பதும் ஓரளவு உதவும், அவ்வளவுதான்.

மாட்ட வருபவர் தன் போனிலேயே கேமராவைப் பதிவு செய்துவிட்டு, உங்களுக்குப் பார்க்கும் உரிமையை மட்டும் பகிர்ந்துவிட்டுப் போவது சகஜம். அப்படிச் செய்தால் உரிமையாளர் அவர்தான். அவர் நீக்காமல் உங்கள் கணக்குக்கு மாற்ற முடியாது. பெட்டியைப் பிரித்ததும் உங்கள் போனிலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து சிசிடிவி கேமராக்களுக்கு எஸ்டிக்யூசி (மத்திய அரசின் தரச் சோதனை அமைப்பு) பாதுகாப்புச் சோதனை கட்டாயம் என்பதால், அந்தச் சான்று உள்ள மாடலா என்றும் கேளுங்கள். சீரியல் எண் எழுதிய பில் வாங்கிக்கொள்ளுங்கள். இடி விழுந்து போனால் வாரண்டி உண்டா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் இருக்காது.