பழைய சேர்வரைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்: மட்டக்களப்பில் எனக்கு நடந்தது

மட்டக்களப்பு நகரில் வரிக் கணக்குப் பார்க்கும் சிறிய அலுவலகம் ஒன்றை 19 ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். என்னோடு ஆறு பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். ஏழு கணினிகள், எல்லாக் கோப்புகளும் மூலையில் உள்ள ஒரு சேர்வரில். காத்தான்குடிக் கடைகள், களுவாஞ்சிகுடி அரிசி ஆலை, ஏறாவூர், வாழைச்சேனை வியாபாரிகள் என்று 52 பேரின் கணக்கு அதற்குள் இருந்தது. கடந்த ஆண்டு அந்தச் சேர்வர் மெதுவாகிவிட்டது என்று சொல்லி ஒருவர் என்னிடம் 3 இலட்சத்து 80,000 ரூபாய் வாங்கிவிட்டார். பழுது வேறு இடத்தில், அதுவும் அவர் கையாலேயே செய்த வேலையில் இருந்தது. பணத்தோடு என் வாடிக்கையாளர்களின் ஏழு ஆண்டுக் கணக்கும் யாரோ ஒருவர் கைக்குப் போயிருக்கிறது. அவருடைய பெயரையும் கடையையும் இங்கே எழுதவில்லை. நடந்ததை மட்டும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மாரி மழையில் அலுவலகத்துக்குள் அரை அடி தண்ணீர் வந்தது. வாவிப் பக்கம் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. மழை விட்டதும் ஜனவரியில் எல்லாக் கருவிகளையும் உயரத் தூக்கி வைத்து, கேபிள்களையும் சுவரோடு மேலே ஏற்றிப் புதிதாக இழுக்கச் சொன்னேன். பல ஆண்டுகளாக எங்களுக்குக் கணினி பார்க்கும் அதே தம்பிதான் செய்தார். கேபிளும் கூலியும் சேர்த்து 28,000 ரூபாய். பற்றுச்சீட்டில் 'வலையமைப்பு வேலை' என்று ஒரே வரிதான் இருந்தது. என்ன கேபிள் போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு முடிந்த கிழமையில், பிள்ளைகள் முறையிடத் தொடங்கினார்கள். எக்செல் கோப்பு திறக்க ஒரு நிமிடம். ஸ்கேன் செய்த ஆவணத்தைச் சேமித்தால் திரை உறைந்து நிற்கும். காலையில் ஒருவர் மட்டும் இருக்கும்போது தாங்கிக்கொள்ளலாம். பத்து மணிக்கு ஏழு பேரும் உட்கார்ந்துவிட்டால் வேலை ஓடாது. தம்பியைக் கூப்பிட்டேன். வந்தார், சேர்வரின் திரையைப் பார்த்தார், இணைய வேகம் போதாது என்றார். ஜூலையில் பெரிய பக்கேஜுக்கு மாறினோம். மாதம் 3,200 ரூபாய் கூடியது. யூடியூப் வேகமாக ஓடியது. கோப்பு அதே இடத்தில் நின்றது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எத்தனையோ பேர் இதில் விழுகிறார்கள். உங்கள் கணினியிலிருந்து அதே அறையில் உள்ள சேர்வருக்குப் போகும் கோப்பு இணையத்துக்குள் போவதே இல்லை. கேபிள் வழியாக, எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் சுவிச் என்ற சிறு பெட்டிக்குப் போய், அங்கிருந்து சேர்வருக்குப் போகிறது, அவ்வளவுதான். சந்தேகமாக இருந்தால் ரவுட்டரை நிறுத்தாமல், வெளியிலிருந்து இணையத்தைக் கொண்டுவரும் கம்பியை மட்டும் ஐந்து நிமிடம் கழற்றிவிட்டு ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். அப்போதும் அதே அளவு மெதுவாக இருந்தால், இணையப் பக்கேஜை விற்க வருகிறவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

செப்டெம்பரில் அவர் மீண்டும் வந்தார். "சேர்வருக்கு வயதாகிவிட்டது அக்கா. இனி இதைத் தட்டித் தட்டி ஓட்ட முடியாது. நவம்பரில் நடுவழியில் நின்றால் என்ன செய்வீர்கள்?" என்றார். அவருக்கு என் தொழில் தெரியும். வருமான வரி விவரத்திரட்டை நவம்பர் 30க்கு முன் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பியாக வேண்டும். அந்த மாதத்தில் ஒரு நாள் போனாலும் எங்களுக்கு மூச்சு நின்றுவிடும். அந்தப் பயத்தில் கையெழுத்திட்டேன். புதிய சேர்வர் 3 இலட்சத்து 85,000, பொருத்துவதற்கு 15,000. பழையதை 20,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பெரிய மனதோடு செய்கிறார் என்று நினைத்தேன். சனிக்கிழமை வந்து கோப்புகளை மாற்றிவிட்டு, பழையதைத் தன் முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை காலை, பழைய வேகமே. இன்னும் சொன்னால், முன்பில்லாத ஒரு நோயும் சேர்ந்திருந்தது: கணினியில் எந்தக் கோப்புறையைத் திறந்தாலும் அரை நிமிடம் ஒன்றுமே நடக்காமல் நிற்கும். தொலைபேசியில் கேட்டதற்கு, "புதிது அக்கா, படியும்வரை அப்படித்தான்" என்றார். சேர்வர் என்ன செருப்பா, காலுக்குப் படிவதற்கு? இதை நான் அவரிடம் கேட்கவில்லை. அன்றிரவு தூங்கவும் இல்லை.

தீபாவளிக்கு அண்ணனின் மகன் கொழும்பிலிருந்து வந்தான். அவனுக்குத் தொழிலே இதுதான். மாலையில் தேநீர் குடிக்கும்போது சொன்னேன். உடனே அலுவலகத்துக்குப் போவோம் என்றான்.

அவன் கேட்ட முதல் கேள்வி: "எப்போது தொடங்கியது மாமி? அதற்குச் சற்று முன்னால் எதைத் தொட்டீர்கள்?" ஆறு மாதத்தில் இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தபோதுதான் நினைவு வந்தது: புத்தாண்டுக்கு அலுவலகம் துடைத்தபோது சேர்வர் இருந்த அலுமாரியைப் பிள்ளைகள் இழுத்து நகர்த்தினார்கள். ஒரு கணினியா, எல்லாமா என்று அடுத்துக் கேட்டான். எல்லாமே என்றேன். எல்லாமே என்றால் அவை எல்லாம் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றான்.

ஒரு கிகாபைட் அளவுள்ள ஒரே கோப்பைச் சேர்வரிலிருந்து என் கணினிக்கு நகலெடுத்தான். திரையில் வினாடிக்கு 11 மெகாபைட் என்று ஓடியது. கூடவுமில்லை, குறையவுமில்லை; கிட்டத்தட்ட ஒன்றரை நிமிடம் அதே எண். அந்த எண்ணைக் கண்டதும் அவன் முகம் மாறியது. டிஸ்க் பழுதாக இருந்தால் ஏறி இறங்கும், இப்படி நேர்கோடாக நிற்காது என்றான். நான் கணக்குக்காரி, அவன் சொன்ன கணக்கு எனக்குப் பிடிபட்டது. வலையமைப்பின் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள். எட்டு பிட் ஒரு பைட். 100 மெகாபிட் இணைப்பில் 12.5 மெகாபைட் போகலாம், அதில் கழிவு போக 11 சொச்சம் கையில் நிற்கும். 1,000 மெகாபிட், அதாவது ஒரு கிகாபிட் இணைப்பாக இருந்தால் அது 110ஐ ஒட்டி வர வேண்டும். ஆக எங்கோ ஒரு இடத்தில் இணைப்பு பத்தில் ஒன்றாகச் சுருங்கியிருக்கிறது. அந்த 11ஐ ஏழு பேர் ஒரே நேரத்தில் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்றரை வரும். பத்து மணிக்கு ஏன் எல்லாம் நின்றது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

விண்டோஸில் ஒவ்வொரு கணினியின் வலையமைப்பு இணைப்பையும் திறந்து, அதில் காட்டும் வேகத்தைப் பார்த்தான். நீங்களும் பார்க்கலாம், இரண்டு நிமிட வேலை. ஏழு கணினிகளும் 1.0 கிகாபிட். சேர்வர் மட்டும் 100 மெகாபிட். தன் பையிலிருந்த கேபிள் ஒன்றை எடுத்துச் சேர்வரையும் சுவிச்சையும் தரை வழியாக இணைத்தான். 1.0 கிகாபிட். அதே கோப்பு பத்து வினாடியில் வந்து சேர்ந்தது. நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். 3 இலட்சத்து 85,000 ரூபாய்ச் சேர்வரை, பழையதில் செருகியிருந்த அதே கெட்ட கேபிளில் செருகிவிட்டுப் போயிருக்கிறார்.

ஜனவரியில் போட்ட அந்தக் கேபிளின் முனையை வெட்டிப் பார்த்தோம். உள்ளே எட்டுக் கம்பி, நான்கு சோடி. கிகாபிட் வேகத்துக்கு நான்கு சோடியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு செம்மஞ்சள், பச்சை என்ற இரண்டு சோடி போதும். எங்கள் கேபிளில் மண்ணிறக் கம்பி முனைக்குப் பக்கத்தில் முறிந்திருந்தது. அதனால் இணைப்பு அறுந்துபோகாமல், சத்தமில்லாமல் கீழ்வேகத்துக்கு இறங்கிவிட்டது. விளக்கு எரியும், கோப்பு வரும், பழுது இருப்பதே தெரியாது. பிறகு மருமகன் கத்தி நுனியால் அந்தக் கம்பியைச் சுரண்டிக் காட்டினான். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம். முழுச் செம்பு என்றால் எவ்வளவு சுரண்டினாலும் உள்ளும் சிவப்பாகவே இருக்கும். இந்த வகைக் கேபிள்களுக்கான தரங்கள் முழுச் செம்பைத்தான் கேட்கின்றன. அலுமினியம் மடங்கினால் செம்பைவிட எளிதாக முறியும், உப்புக் காற்றில் முனைகள் அரிக்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊருக்கு இதைவிடப் பொருந்தாத கம்பி கிடையாது. தயவுசெய்து, கேபிள் இழுக்க வருகிறவரிடம் ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லி நீங்களே சுரண்டிப் பாருங்கள். பெட்டியில் சி.சி.ஏ., அதாவது செம்பு பூசிய அலுமினியம், என்று இருந்தால் திருப்பி அனுப்புங்கள். மறுநாள் முழுச் செம்புக் கேபிள் வாங்கி, அந்த ஒரு வழியை மாற்ற எனக்கு ஆன செலவு 6,500 ரூபாய்.

அரை நிமிடம் நிற்கும் அந்தப் புதிய நோய்க்குக் காரணம் இன்னும் எளிது. புதிய சேர்வருக்கு அவர் வேறு பெயர் வைத்திருக்கிறார். ஏழு கணினிகளிலும் பழைய சேர்வரின் பெயரைச் சொல்லும் டிரைவ் இணைப்புகளை, அதாவது சேர்வரின் கோப்புறைக்குப் போகும் குறுக்குவழிகளை, நீக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கணினி அந்த இல்லாத சேர்வரைக் கூப்பிட்டு, பதில் வருமா என்று காத்திருந்து, பிறகுதான் வேலைக்குத் திரும்புகிறது. எங்கள் எக்செல் கோப்புகள் பல ஒன்றோடொன்று பழைய பாதையில் தொடுக்கப்பட்டிருந்தன, அவையும் அப்படியே. எல்லாவற்றையும் துடைத்துத் திருத்த ஒரு மாலை போனது.

நியாயமாகச் சொன்னால், மெதுவாக இருப்பதற்கெல்லாம் கேபிள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சாகப்போகும் டிஸ்க், சேர்வரில் ஓயாமல் தேடும் வைரஸ் தடுப்பான், இணைப்பின் வேகத்தை ஒரு பக்கம் தானியங்கியாகவும் மறுபக்கம் கையால் நிலைப்படுத்தியும் விட்ட சுவிச் முனை என்று மருமகன் வேறும் சில சொன்னான். அவர் விற்ற இயந்திரத்திலும் குறையில்லை. ஆனால் விற்பதற்கு முன் அவர் ஒரு எண்ணையாவது அளந்து எனக்குக் காட்டவில்லை. இனி என் அலுவலகத்தில், அளந்த எண்ணை எழுதித் தராமல் யாரும் ஒரு ஆணிகூட விற்க முடியாது.

வேலை முடிந்து விளக்கை அணைக்கும்போது மருமகன் கேட்டான்: "பழைய சேர்வர் எங்கே மாமி? அதற்குள் இருந்த டிஸ்க்குகள்?"

மாற்றுக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தில்தான் எனக்கு உறைத்தது.

அதில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள், ஒன்று மற்றதன் பிரதியாக. ஒன்று கெட்டால் மற்றது காப்பாற்றும் என்பதற்காக வைத்தது. அதாவது எது யாரிடம் போனாலும் எல்லாமே போய்விட்டது. அடையாள அட்டைப் பிரதிகள், வங்கிக் கூற்றுகள், சம்பளப் பட்டியல்கள், காணி உறுதிகள், திணைக்கள இணையத்தளத்துக்கான வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்கள். மறுநாள் கடைக்குப் போனேன். பெட்டி விற்றாயிற்று என்றார். மூன்று முறை போன பிறகு ஒரு டிஸ்க்கைத் தந்தார். மற்றதை வேறொரு பழைய கணினியில் போட்டு விற்றுவிட்டாராம். யாருக்கு என்று எழுதி வைக்கவில்லையாம். "ஃபோர்மட் செய்துதான் கொடுத்தேன் அக்கா, பயப்படாதீர்கள்." திரும்பி வந்த டிஸ்க்கை மருமகன் செருகியதும் 2018ஆம் ஆண்டுக் கோப்புறை முதல் எல்லாம் அப்படியே திறந்தது. அதை அவர் தொடவே இல்லை. மற்றதை அவர் சொன்னபடி விரைவாக ஃபோர்மட் செய்திருந்தாலும், அது பேரேட்டின் உள்ளடக்கப் பக்கத்தை மட்டும் கிழித்தெறிவது போன்றது. தேடத் தெரிந்தவனுக்கு மற்றப் பக்கங்கள் எல்லாம் கிடைக்கும்.

கடவுச்சொற்கள் அனைத்தையும் மாற்றிவிட்டோம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்தேன். மத்தியஸ்த சபைக்கும் எழுதியிருக்கிறேன். பற்றுச்சீட்டில் ஒரே வரி இருப்பதால் கேபிள் விடயத்தில் என் கை பலவீனமாக இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: பொருளின் பெயர், வகை, நீளம், தொடர் இலக்கம் எல்லாம் எழுதிய பற்றுச்சீட்டு இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பழைய இயந்திரத்தைக் கொடுத்தாலும், அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி உங்கள் அலுமாரியில் பூட்டிவிட்டுக் கொடுங்கள். 20,000 ரூபாய் 15,000 ஆகும். ஆகட்டும்.

வாடிக்கையாளர்களுக்கு நானே ஒவ்வொருவராக அழைத்துச் சொல்லி வருகிறேன். காத்தான்குடியில் ஒரு பெரியவர், "நீங்களே சொன்னபடியால் தெரிந்தது, வங்கிக்குப் போய்க் கதைக்கிறேன் மகள்" என்றார். இன்னொருவர் மறுநாளே வந்து தன் கோப்புகள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். 12 ஆண்டுப் பழக்கம். அவர் மீது எனக்குக் கோபமில்லை. 41 பேருக்குச் சொல்லியாயிற்று, 11 பேர் மீதி.

கடந்த செப்டெம்பருக்குப் பிறகு மட்டக்களப்பிலோ கல்முனைப் பக்கத்திலோ பழைய கணினி வாங்கிய எவராவது இதை வாசித்தால், அதில் அறியாத கடைகளின் கணக்குக் கோப்புகள் தென்பட்டால், தயவுசெய்து திறக்க வேண்டாம். எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். புதிய டிஸ்க் ஒன்றை வாங்கிக்கொண்டு நானே வருகிறேன்.