கிலோ 1,833 ரூபாய்க்கு ஒரு மிட்டாய்

கோவில்பட்டியில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ரெண்டு மாதமாக ட்யூஷன் விட்டு வரும் பையன்கள், "அண்ணாச்சி, ப்ரோட்டீன் பார் இருக்கா?" என்று கேட்கிறார்கள். புரதம் சேர்த்த மிட்டாய்க் கட்டிதான் அது. கடலை மிட்டாய்க்குப் பேர் போன ஊரில் நின்றுகொண்டு என்ன கேட்கிறான் பார் என்று சிரிப்புதான் வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, என் வீட்டிலேயே ஒருத்தன் ஆன்லைனில் வரவழைத்துத் தின்றுகொண்டிருக்கிறான். என் மகன்தான். பிளஸ் ஒன் படிக்கிறான், ஹாக்கி ஆடுகிறவன். 6 பார் உள்ள பெட்டி 660 ரூபாய். கடைக்குச் சரக்கு எடுக்கலாமா என்று பார்க்க அவனிடம் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம்.

மேலே சாக்லேட் பூச்சு. நம்மூர் மே மாத வெயிலுக்கு அது உறையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே இருப்பது பிசைந்து வைத்த சப்பாத்தி மாவு மாதிரி. கடித்தால் கடைவாயில் அப்பிக்கொள்கிறது. தித்திப்பு உண்டு, ஆனால் விழுங்கிய பிறகும் நாக்கை விட்டுப் போகாத ஒரு தித்திப்பு. டீ குடித்துத்தான் கழுவினேன்.

எதையும் கிலோவுக்கு மாற்றிப் பார்ப்பது எனக்குத் தொழில் புத்தி. ஒரு பார் 60 கிராம், 110 ரூபாய் என்றால் கிலோ 1,833. என் கடையில் முந்திரி 1,000. பையனிடம் சொன்னேன். "எடையைப் பாக்காதீங்கப்பா, ப்ரோட்டீனைப் பாருங்க. 20 கிராம்" என்றான். சரி, அதையும் போட்டுப் பார்த்தேன். பாரில் ஒரு கிராம் புரதம் 5 ரூபாய் 50 காசு. முட்டையில் 6 கிராம் இருக்கிறது. கிராமுக்கு ஒரு ரூபாய் சொச்சம்தான். நிலக்கடலையில் ஒரு ரூபாய்கூட வராது, 100 கிராமுக்கு 25 கிராம் புரதம். அவன் வயசுப் பையனுக்கு நாளைக்குச் சுமார் 55 கிராம் போதும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். ரெண்டு முட்டை, சாம்பார், சுண்டல், பால், சோறு, வாரத்தில் நாலு நாள் மீன் என்று தின்கிறவனுக்கு அது வீட்டிலேயே வந்துவிடும்.

இவன் என்ன செய்கிறான் தெரியுமா? காலையில் இட்லி "கார்ப்", அதாவது வெறும் மாவுச்சத்து, என்று தட்டை ஒதுக்குகிறான். அதில் உளுந்து இருக்கிறதே என்றால் காதில் விழாது. ராத்திரி ஆட்டம் முடிந்து கூட்டாளிகளோடு 3 பரோட்டா, சால்னா. கேட்டால், "அது கணக்குல வராதுப்பா."

உறையின் பின்பக்கத்தை அவன் படித்ததில்லை, 20 என்ற எண்ணோடு சரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பசிக்கு ரெண்டை அடுத்தடுத்துத் தின்றுவிட்டு மத்தியானம் முழுக்கக் கழிப்பறையும் கட்டிலுமாக இருந்தான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சர்க்கரைக்குப் பதில் மால்டிட்டால் என்ற இனிப்புப் பொருள். அதன் கீழேயே எறும்பு எழுத்தில், பேதியாகலாம் என்று எச்சரிக்கை. முன்பக்கத்தில் "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிறது.

ஆனாலும் பையன் ஒரு இடத்தில் என்னை மடக்கினான். நம் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நான் பெருமையாகச் சொல்லப்போக, "அதுல எத்தனை பங்கு வெல்லம்ப்பா?" என்றான். மூன்றில் ஒரு பங்காவது இருக்கும். வெல்லமும் சர்க்கரையில் சேர்த்திதான். வாய் திறக்கவில்லை நான். கரிசல் கடலைக்கு உள்ள ருசி அந்தப் பாருக்கு வராது, அது வேறு விஷயம்.

என் மதிப்பெண் ஐந்துக்கு ரெண்டு. ஒன்று, பயணத்தில் சாப்பாடு தவறும்போது பைக்குள் கிடந்தால் ஆகும் என்பதற்கு. இன்னொன்று, எறும்பு எழுத்திலாவது எச்சரிக்கையைப் போட்டதற்கு. ஒரே நாளில் ரெண்டு வேண்டவே வேண்டாம், ஒன்றே அதிகம்.

கேட்கிற பையன்களுக்காக ஒரு பெட்டி எடுத்து வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். பின்பக்கத்தைக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பேன் என்றேன். "அப்படின்னா அந்தப் பெட்டி அப்படியே கெடக்கும்" என்கிறான் மகன்.